இடது பெடல்

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் இன்று திறந்துவிட்டது. நான் வீட்டில்.

காலையிலேயே குளித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவைத் திறந்து பருத்திச் சேலைகளை எடுத்து மறுபடியும் மடித்து வைத்தேன். முன்னீர்பள்ளம் தாண்டிப் போகிற ரோட்டில் இந்நேரம் பிள்ளைகள் சைக்கிளும் வேனுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு என் இயற்பியலை யார் எடுக்கிறார்களோ, மின்னூட்டத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார்களோ.

பிப்ரவரியில் வந்து போன பக்கவாதத்துக்கு ஜூலை கடைசி வரை மருத்துவ விடுப்பு. 'வந்து போன' என்றுதான் எழுதுவேன். பேச்சு அன்றைக்கே சரியாகிவிட்டது. கை சரியாகிவிட்டது. இடது கால் மட்டும் கொஞ்சம் — இல்லை, அதுவும் சரியாகிவிட்டது. எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இவர் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கரோ, விஆர்எஸ் பத்தி யோசிச்சியா?" என்றார். தினமும் காப்பியோடு இது வருகிறது. சீனி போட மறந்தாலும் இதைப் போட மறப்பதில்லை. போன வருஷம் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், எனக்கும் சேர்த்து ஓய்வு வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறார்.

என் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனமான வண்டி, சட்டென்று இடது காலை ஊன்ற வேண்டி வந்தால் தாங்காதாம். பஸ் என்றால் அந்தப் படி உயரத்துக்குக் காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். "நான் கொண்டு விடுதேன், சாயங்காலம் வந்து கூப்புடுதேன்" என்கிறார் இவர். முப்பது வருஷம் நானே போய் நானே வந்தவள். இனி பார்சல் மாதிரி பின்னால் உட்கார்ந்து போய், பார்சல் மாதிரி கேட்டில் நின்று காத்திருக்க வேண்டுமாம். அதற்கு நான் வீட்டிலேயே இருந்துவிடலாம். அதுதானே இவருக்கும் வேண்டியிருக்கிறது?

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போனபோது கோயில் கேட்டிலிருந்து வாசல் வரை நடந்தேன். பின்னால் இன்பமணி கூப்பிட்டாள். எனக்கு பிசியோதெரபி செய்கிறவள், எங்கள் சபைதான். கையில் ஒரு செருப்பு.

"யக்கா, ஒங்க செருப்பு."

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால். கேட்டிலேயே கழன்றிருக்கிறது. வெயிலில் காய்ந்த சரளைக்கல்லில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை.

"வார் தளர்ந்துபோச்சு" என்றேன். வார் தளரவில்லை.

ஜூன் 9, திங்கள்

பக்கிள் வைத்த செருப்பு வாங்கினேன். கறுப்பு. "புது ஸ்டைலா?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். காட்டினேன். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

"மோட்டார் வச்ச சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?"

"லேசான வண்டிதானே. கால் நல்லா வந்தாச்சுன்னா தாராளமா ஓட்டுங்க."

"வந்தாச்சு."

இவர் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, வழி கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என் வண்டியில் நான் போவேன். லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் போதும். யாரும் என்னைக் கொண்டு விட வேண்டாம். விஆர்எஸ்ஸைக் காப்பியில் கரைத்து அவரே குடிக்கட்டும்.

ஜூன் 14, சனி

வண்ணார்பேட்டைக்குப் போனோம். ஷம்ஸியாவின் கடை. மேலப்பாளையத்துப் பிள்ளை, என்னிடம் படித்தவள், அப்புறம் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டுக்காரரோடு சேர்ந்து மின்சார சைக்கிள் விற்கிறாள். சாதாரண சைக்கிளிலும் மோட்டார் பூட்டிக் கொடுப்பாள்.

"வாங்க மிஸ், எப்படி இருக்கிய?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை. இப்போதெல்லாம் எனக்கு உட்காருவதே எரிச்சல்.

இரண்டு வகை இருக்கிறது. ஹப் என்றால் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும். பெடலைச் சும்மா சுற்றினாலும் சரி, கைப்பிடியிலிருக்கிற விசையைக் கட்டைவிரலால் அமுக்கினாலும் சரி, அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும். நீ எவ்வளவு மிதித்தாய் என்று கேட்காது. மிட் என்றால் மோட்டார் பெடல் அச்சில். நாம் மிதிக்கிற விசையை அளந்து, அதற்கு ஏற்றபடி சங்கிலியில் கூட்டிக் கொடுக்கும். அழுத்தி மிதித்தால் அழுத்தித் தள்ளும், சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

இரண்டாவதைக் கேட்டதுமே எனக்கு முதுகு நிமிர்ந்தது. அதுவல்லவா மோட்டார்! மிதிக்கிறவளுக்கு மரியாதை தருகிறது.

ஷம்ஸியா, "மிட்டு மலை ஏறதுக்கு மிஸ். கொடைக்கானல் பக்கம் கேப்பாங்க. நம்ம ஊருல ஏத்தம் எங்க இருக்கு? உங்களுக்கு ஹப்பு போதும்" என்றாள்.

போதும். பிப்ரவரியிலிருந்து எல்லாரும் எனக்கு இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். இவ்வளவு நடந்தா போதும். இவ்வளவு நாள் வேலை பாத்தது போதும்.

"ஆனி ஆடியில மேக்க பாத்து சைக்கிள் மிதிச்சிருக்கியா நீ?" என்று கேட்டேன். "சேரன்மகாதேவி ரோட்டுல காத்துதான் மலை."

"அது வாஸ்தவம்தான் மிஸ்" என்று சிரித்தாள். ஆனால் ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

மிட்.

ஜூன் 17, செவ்வாய்

ஹப்பில் பஞ்சர் ஆனால் தொல்லை, பின்சக்கரத்தைக் கழற்ற வயரையும் கழற்ற வேண்டும். மிட்டில் பஞ்சர் சுலபம், ஆனால் சங்கிலி அறுந்தால் மோட்டாரும் போச்சு, நடுரோட்டில் தள்ள வேண்டியதுதான். ஹப்பில் சங்கிலி அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். ஆனால் ஹப்பில் எடை முழுக்கப் பின்னால். ஆனால் மிட்டில் சங்கிலி சீக்கிரம் தேயும்.

ஆனால், ஆனால், ஆனால். தோசை கருகிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து ஜெனோ வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். பெற்ற பிள்ளைக்கு அம்மாவிடம் பேச நேரமில்லை, வீடியோ அனுப்ப நேரமிருக்கிறது. எல்லாம் வெள்ளைக்காரர்கள் பனிமலையில் ஏறுகிறார்கள். மேலப்பாளையம் சந்தை நாளில், ஆட்டு லாரிக்குப் பின்னால் நின்று நின்று போவதற்கு எது நல்லது என்று ஒருவனும் சொல்லவில்லை.

அட்டவணை போட்டேன். கிழித்தேன். வீட்டைச் சுற்றி நடந்தேன். இரண்டாம் சுற்றில் வாசல் படியில் கால் இடறியது. யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் இவர் சொன்னார்: "ஒரு வாரமா வீடு பூரா மோட்டாரு ஓடுது. சீட்டு போட்டுருவோமா?"

எங்கள் குடும்பங்களில் இது வழக்கம். மனை வாங்குவதா, எந்தக் காலேஜ், எந்த மாப்பிள்ளை என்று முடிவெடுக்க முடியாதபோது துண்டுக் காகிதங்களில் எழுதி, வேதப் புத்தகத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்து ஒன்றை எடுப்போம். எடுத்தால் எடுத்ததுதான். இரண்டாம் தரம் போட்டால் கர்த்தரைச் சோதிக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை என் அப்பா சீட்டில்தான் தீர்த்தார். விழாத அந்த இன்னொருவர் எங்கேயோ நிம்மதியாக இருப்பார்.

முறுக்குவிசையைக் கர்த்தரிடம் கேட்பதா என்று முதலில் சிரித்தேன். அப்புறம், எனக்கே என்மேல் அலுத்துப்போய், சரி என்றேன். இவர் எழுதி மடித்தார். முழங்காலில் நின்றோம். இவர் ஜெபித்தது நன்றாகத்தான் இருந்தது. "பிரயாணத்தில் அவளைக் காத்தருளும்" என்றபோது குரல் கொஞ்சம் கம்மியது. நான் எடுத்தேன்.

மிட்!

எழுந்திருக்கும்போது கட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நல்லவேளை, இவர் வேதப் புத்தகத்தை மூடி வைப்பதில் மும்முரமாக இருந்தார்.

கர்த்தருக்கு இயற்பியல் தெரிகிறது.

ஜூன் 23, திங்கள்

ஷம்ஸியாவிடம் சொல்லியாச்சு. புதிதாக ஒரு லேடீஸ் சைக்கிள், அதில் மிட். மோட்டார் வெளியூரிலிருந்து வர வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

"ரெண்டையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்களேன் மிஸ்."

"வேண்டாம். சீட்டு விழுந்தாச்சு."

விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது. "எங்க உம்மாவும் அல்லாட்ட கேட்டுட்டுத்தான் ஃப்ரிட்ஜு வாங்குனாங்க" என்றாள். "ஆனா கடைக்கு வந்து கதவத் தொறந்து பாத்துட்டுத்தான் காச எடுத்தாங்க."

இந்தப் பிள்ளை படிக்கும்போதே இப்படித்தான், கடைசி பெஞ்சிலிருந்து ஒன்று சொல்லும், வகுப்பே சிரிக்கும்.

ஜூலை 5, சனி

வண்டி வந்துவிட்டது. நான் எழுத நினைத்தது வேறு.

கடைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஓட்டிப் பார்த்தேன். இவர் வரவில்லை, ஈபி ஆபீசில் வேலை இருந்தது. தெய்வாதீனம்.

வலது கால் மிதிக்கும்போது வண்டி பாய்கிறது. இடது காலின் முறை வரும்போது தொங்குகிறது. பாய்கிறது, தொங்குகிறது. நொண்டி மாடு பூட்டிய வண்டி மாதிரி. கைப்பிடியில் சின்னத் திரை, அதில் விசையைக் காட்டும் கோடு. ஏறுகிறது, தரையில் விழுகிறது, ஏறுகிறது, தரையில் விழுகிறது.

"மோட்டார்ல ஏதோ கோளாறு ஷம்ஸியா."

அவள் ஏறி ஒரு சுற்று போய் வந்தாள். வழுக்கிக்கொண்டு போனது. இறங்கி, என்னை மறுபடி ஏறச் சொன்னாள், கூடவே நடந்து என் காலையே பார்த்தாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "மிஸ், உங்க இடது கால் மிதிக்கவே இல்லையே. மேல வருது, சுத்துது. அவ்வளவுதான்" என்றாள்.

வண்டியிலிருந்து இறங்கினேன்.

"சார்ட்ட சொல்லாத."

"நான் சொல்லமாட்டேன் மிஸ்." வண்டியைத் தட்டினாள். "ஆனா இந்த மோட்டாரு சொல்லிரும்."

டாக்டரை ஏமாற்றினேன். இன்பமணியிடம் வலிக்கவில்லை, மரக்கவில்லை, எல்லாம் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லிப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் என் கூடவே இருக்கிற மனுஷனை ஏமாற்றினேன். பெடல் அச்சுக்குள் இருக்கிற ஒரு கம்பித் துண்டை ஏமாற்ற முடியவில்லை.

ஹப்புக்கு மாற்றிவிடலாம், அது எதையும் கேட்காது. ஆனால் மாற்றுவதற்கு இவரிடம் காரணம் சொல்ல வேண்டும். சீட்டில் விழுந்ததைப் 'பிடிக்கவில்லை' என்று தள்ள முடியுமா? நாலு நாள் முகத்தைப் பார்க்கமாட்டார். காலைச் சொல்ல வேண்டும். காலைச் சொன்னால் அடுத்த காப்பியோடு விஆர்எஸ் பேப்பரே வரும். நல்லா மாட்டிக்கிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

டவுனில் ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை. இவர் பழைய ஆபீஸ் சிநேகிதரோடு கூட்டம் பார்க்கப் போய்விட்டார்.

எடை பார்க்கிற மிஷினைச் சுவரோரம் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் அமுக்கினேன். முள் ஓடியது. இடது காலால் அமுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். முள் கொஞ்சம் அசைந்துவிட்டு, யாரோ அதட்டினது மாதிரி நின்றுகொண்டது.

ஏன் வரமாட்டேங்குது? நான் அமுக்குதேனே. நான் அமுக்குறது எனக்குத் தெரியுதே.

ஜூலை 12, சனி

இவர் தெருவில் எல்லாரிடமும் "சீட்டுல விழுந்த வண்டி" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். துணி வைத்துத் துடைக்கிறார். எதிர்வீட்டுக்காரர் மைலேஜ் கேட்கிறார். நான் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து காட்டினேன். வலது காலாலேயே ஓட்டினேன். தொடை கல்லாகக் கட்டிக்கொண்டது.

"ஏன் விட்டு விட்டுப் போகுது?" என்றார் இவர்.

"புதுசு. பழகணும்."

"ஓ" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

விழுந்துட்டேன்.

உள்ளங்கை எரிகிறது, எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஆடி பிறந்ததும் காற்று பிசாசாக அடிக்கிறது. இந்தக் காற்றில் ஒரு தரம் பள்ளிக்கூடம் வரை போய்ப் பார்த்துவிட்டால் தைரியம் வந்துவிடும் என்று, காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நின்றேன். ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் பஸ், ஆட்டோ, பைக், எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன்.

நான் நிற்கும்போது ஊன்றுவது வலது கால். இடது காலை நம்பி ஊன்ற முடியாது. வலது கால் தரையில் என்றால், பெடலில் இருப்பது எது? இடது. கிளம்புகிற முதல் மிதி எப்போதும் இடது காலுடையது.

மிதித்தேன். ஒன்றும் வரவில்லை. அது கொடுத்தால்தானே மோட்டார் கொடுக்கும்? எதிரே காற்று, வண்டி தண்டவாளத்து மேட்டில் ஓரடி ஏறி நின்றது, சாய்ந்தது, நான் அதோடு சாய்ந்தேன்.

வருஷா வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு நிலை உராய்வு நடத்துகிறவள் நான். ஓடுகிற பொருளை ஓட வைப்பதைவிட நிற்கிற பொருளைக் கிளப்புவதுதான் கடினம் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள். ஒரு வாரம் அட்டவணை போட்டேன், பஞ்சர் போட்டேன், சங்கிலி போட்டேன். கிளம்புவதை யோசிக்கவே இல்லை.

ஒரு ஆட்டோக்காரர் ஓடி வந்து தூக்கினார். "பைய, யம்மா, பைய." பைக்கில் போன ஒருவர், "இந்த வயசுல சைக்கிள் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். என்னவே பதில் சொல்ல உமக்கு?

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். இவர் வாசலில் நின்றார். கையைப் பார்த்தார், வளைந்த கைப்பிடியைப் பார்த்தார். டெட்டால் எடுத்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

காப்பி வந்தது, விஆர்எஸ் வரவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தப் பேச்சு வந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

"இடது கால் சரியாகல" என்றேன்.

"தெரியும் கரோ."

"எப்படி?"

"ஒன் செருப்பு. வாசல்ல கிடக்கத தினமும் பாக்கேன். இடது செருப்பு மூக்குல மட்டும் தேஞ்சுபோயிருக்கு. காலை இழுத்துட்டுத்தான நடக்க?"

புதுச் செருப்பு, பக்கிள் வைத்தது, அதையே பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. "அப்ப ஏன் கேக்கல? டாக்டர்ட்ட ஏன் சொல்லல?"

"சரியாயிட்டுன்னு நீ அத்தன பேர்ட்டயும் சொல்லிட்டிருக்கும்போது, இல்லன்னு நான் எப்படிளா சொல்லுவேன்?" காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நீ ரோட்டுல விழுந்து கெடக்க மாதிரியே எனக்குத் தோணிக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரியில அன்னைக்கு ஒன் வாய் கோணிப்போயி கெடந்தத பாத்தவன் நான், நீ பாக்கல. பயமா இருக்குன்னு சொல்லத் தெரியல. அதான் விஆர்எஸ் விஆர்எஸ்னு அரிச்சேன்."

இத்தனை நாள் நான் நினைத்தது என்ன? தனியாக வீட்டில் இருக்கப் பிடிக்காமல் என்னைத் துணைக்கு இழுக்கிறார் என்று. சமையல் நேரத்துக்கு ஆகும் என்று நினைக்கிறார் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பயம் என்று தோன்றவே இல்லை. பாவம், மனுஷன்.

கொஞ்ச நேரம் கழித்து, "சீட்டு?" என்றேன். "மிட்டுதானே விழுந்தது?"

"நாம என்ன கேட்டோம்? எந்த மோட்டாருன்னு கேட்டோம். காலைப் பத்தி நீயும் சொல்லல, நானும் சொல்லல."

"கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். ஆனா கேட்ட கேள்விக்குத்தான பதில் வரும்? நீ பரீட்சையில அப்படித்தான மார்க்கு போடுத."

அவரே பிறகு தலையைச் சொறிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். சீட்டு போட்டால் மூன்றாவதாக 'காத்திரு' என்று ஒன்று போட வேண்டும், அவர் வீட்டில் எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு எழுதத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்.

"ஏன்?"

"அது விழுந்திருந்தா நீ கர்த்தரையும் என்னையும் ஒரே நாள்ல விட்டுட்டுப் போயிருப்ப."

சிரித்துவிட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போதே சிரித்தேன்.

"ஸ்கூலுக்குப் போவேன்" என்றேன்.

"போ. நான் வேண்டாம்னா நிக்கவா போற? ஆனா கேட்ல விழாத வண்டியில போ."

ஜூலை 21, திங்கள்

காலையில் இன்பமணியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினாள். என்னைவிடச் சின்னவள், "அறிவு இருக்காக்கா ஒங்களுக்கு?" என்றே கேட்டுவிட்டாள். பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நேற்றுவரை ஏமாற்றின அத்தனையும் இனி வட்டியோடு. டாக்டருக்கும் அவளே போன் செய்தாள். இரண்டு பேருமாகப் பேசி, ஹப் வண்டி, நேரே ரோடு, களைத்தால் நிறுத்த வேண்டும், தினமும் இரண்டு வேளை பயிற்சி என்று சம்மதித்தார்கள்.

மத்தியானம் ஷம்ஸியா கடை. மிட்டை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள், கடையில் ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு வைத்துக்கொள்வாளாம். இந்தத் தடவை ஹப் வண்டியில் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். நின்றேன், கட்டைவிரலால் அமுக்கினேன், வண்டி கிளம்பிவிட்டது. முதல் மிதியை அது மிதித்துவிடுகிறது. பிறகு நான் சேர்ந்துகொண்டால் போதும்.

போதும் என்று நானே எழுதுகிறேன் பார்.

இவர் கடை வாசலில் நின்று, "நம்ம பாஷையில சொன்னா, மிட்டு கிரியை, ஹப்பு கிருபை" என்றார். சபையில் மாதம் ஒரு தரம் பிரசங்கம் செய்கிறவருக்கு எங்கே போனாலும் பிரசங்கம். மிதித்தவளுக்குத்தான் தருவேன் என்பது கிரியையாம், மிதிக்க முடியாதவளுக்கும் தருவேன் என்பது கிருபையாம்.

"அத ஞாயித்துக்கிழமைக்கு வைங்க" என்றேன். ஷம்ஸியா ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

வண்டியில் வரும்போது யோசித்தேன். பிள்ளைகளுக்குச் சும்மா ஒரு மார்க்கும் போடாதவள் நான். சும்மா கிடைப்பதை வாங்க எனக்குக் கை கூசுகிறது. இந்த வயசில் பழக வேண்டியிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

இவர் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே வர, பள்ளிக்கூடம் வரை ஒத்திகை. ரயில்வே கேட்டில் நின்று கிளம்பினேன். கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் இவர் ஹாரன் அடிக்கிறவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போனேன்.

வாசலில் இவர் "பைய போ" என்றார். பின்னால் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவும் இல்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று மேலப்பாளையம் தாண்டித்தான் தோன்றியது.

முன்னீர்பள்ளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். காற்று நேரே நெஞ்சில் வந்து முட்டியது. சேலை முந்தானையைப் பின் குத்தியிருந்தேன், இல்லாவிட்டால் அது பாளையங்கோட்டைக்கே திரும்பிப் போயிருக்கும். மோட்டார் லேசாக முனகிக்கொண்டு தள்ளியது. நான் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டிருந்தேன். எந்தக் கால் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை.

பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். "மிஸ், இது மிதிக்கணுமா, தானா ஓடுமா?"

"ரெண்டும்" என்றேன். வகுப்பில் யாரும் மின்னூட்டத்தை எங்கேயும் கொட்டவில்லை. ஆனால் காந்தவியல் மோசம்.

சாயங்காலம் திரும்பும்போது காற்று முதுகில். மோட்டாரை அணைத்துவிட்டேன். அணைத்தால் ஹப் இழுக்காது, சாதாரண சைக்கிள்தான். காற்று தள்ள, வலது காலை லேசாக விட்டு, இடது காலால் மட்டும் அழுத்திப் பார்த்தேன். ரொம்ப இல்லை. கொஞ்சம். வேலி ஓரமாகப் பைய வந்தேன், எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள், போகட்டும்.

வீட்டில் காப்பி. வேறொன்றும் கேட்கவில்லை. வண்டியைச் சார்ஜில் போட்டது அவர்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

போகும்போது மோட்டார், வரும்போது காற்று. இதுதான் ஏற்பாடு.

ஆகஸ்ட் 13, புதன்

காற்று இல்லை. மேலப்பாளையத்தில் மூச்சு வாங்கியது. மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்தேன். வெட்கமாக இல்லை. கொஞ்சம் இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

இன்பமணி கண்ணை மூடச் சொல்லி இடது கால் விரலைத் தொட்டாள். எந்த விரல் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். முதல் தடவையாக, தெரியாததைத் தெரியவில்லை என்றே சொன்னேன். "இப்பத்தான் நாம வேலையே ஆரம்பிக்கோம்" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் அவசரத்தில் பக்கிள் செருப்பைத் தேடவில்லை. வாசலில் கிடந்த பழைய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் நல்ல காற்று. மோட்டாரை அணைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். மேலப்பாளையத்துக்கு முன்னால், கால்வாய்ப் பாலத்தின் பக்கத்தில், இடது செருப்பு கழன்று விழுந்தது.

விழுந்தது எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. பெடலின் பல் உள்ளங்காலில் குத்தியது. குத்தியது தெரிந்தது.

நின்றேன். வலது காலை ஊன்றி இறங்கினேன். வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தார் ரோட்டுச் சூட்டில் வெறுங்காலோடு நடந்துபோய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன்.